தாத்தா அடிச்ச பறை, அக்கா பொண்ணு அடிக்கிற பறை

பறையைத் தூக்கிப் போட்டவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதைத் திரும்பக் கையில எடுத்தவங்க பக்கமும் நியாயம் இருக்கு, எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டும் நடந்துச்சுங்க. தாத்தா எழவுக்கு அடிச்சவர். ஊர்த்தெருவுல சாவு விழுந்தா ஆள் வந்து தெருமுனையில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம், பத்து வயசுப் பையன் கூட அவரை வாடா போடான்னுதான் பேசுவானாம், காய்ச்சல்னாலும் போயே ஆகணும். அப்பா தலையெடுத்ததும் முதல் வேலையா அந்தப் பறையைப் பரண்ல ஏத்திட்டு இனிமே இந்த வீட்ல யாரும் இதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டார்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் கிடையாது. தமிழ்நாட்ல நிறைய சேரிகள்ல இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம்னு முடிவெடுத்தாங்க, அதுக்காக அடிவாங்கினாங்க, வேலை குடுக்காம ஒதுக்கி வச்சதையும் தாங்கிக்கிட்டாங்க. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி தலித் அரசியல் பெருசா எழுந்தப்போ இன்னொரு குரலும் வந்துச்சு, பறை நம்ம கலை, கட்டாயப்படுத்தினதுதான் இழிவு, அதனால மேடையில நாம விரும்பி அடிப்போம்னு. அந்த யோசனைய முதல்ல சொன்னவங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க, காயப்படுத்துன பொருளையே கையில எடுத்து இதுல இருந்து வேற ஒரு ஊரைக் கற்பனை பண்ணலாம்னு சொல்றது சாதாரண விஷயமா?

திண்டுக்கல்ல சிஸ்டர் சந்திரா 1990ல ஆரம்பிச்ச சக்தி கலைக்குழு இதுல ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். காலங்காலமா ஆம்பளைங்க மட்டுமே அடிச்ச கருவிய அங்க தலித் பொண்ணுங்க கையில குடுத்தாங்க. சாதியும் சரி, பொம்பளப்புள்ளைன்னு அடக்கி வச்சதும் சரி, ரெண்டையும் ஒரே நேரத்துல உதறிட்டு ஆடுற ஆட்டம் அது. நேர்ல பாத்தா காலு தன்னால தாளம் போடும்.

எங்க அக்கா பொண்ணு இப்போ ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் போறா, கூடவே நானும். இடது தோள்ல மாட்டி உடம்போட ஒட்டி வச்சுக்கணும், வலது கையில குட்டையா தடியா அடிக்குச்சி, இடது கையில மூங்கில்ல சீவுன நீளமான சிண்டுக்குச்சி. தோல் பறைன்னா அடிக்கிறதுக்கு முன்னாடி தீ மூட்டி முகத்தைக் காய்ச்சணும், ஈரக்காத்துல தோல் தொய்ஞ்சிரும், சத்தம் மொத்துனு விழும். அவ அதை நெருப்புக்கு மேல மெதுவா சுத்திச் சுத்திக் காட்டுவா, அப்பப்போ விரலால தட்டிக் காதுல வாங்குவா, டண்ணுனு கேக்குற வரைக்கும் விடமாட்டா. ஃபைபர் பறைக்கு இந்த வேலையே இல்லதான், ஆனா எனக்கு இந்தக் காய்ச்சுற நேரம்தான் பிடிக்கும், எல்லாரும் தீயச் சுத்தி உக்காந்து கதை பேசுறது அப்போதான்.

அப்படி ஒருநாள் எங்ககூடக் கத்துக்கிற ஒரு தம்பி, ஐடில வேலை பாக்குறவர், தயங்கித் தயங்கிச் சொன்னார், "அண்ணே, எங்க ஊர்ல எழவுக்கு அடிக்க ஆள் அனுப்பிக் கூப்பிட்டு விடுறது எங்க தாத்தாதான்ணே". கொஞ்ச நேரம் யாரும் பேசல. எனக்கு உள்ளுக்குள்ள கோவம் வந்துச்சு, அதை மறைக்க விரும்பல, ஆனா அந்தத் தம்பி அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், யாரும் கேக்கல, அவரா சொன்னார். ஆசான் அவரை நிமிந்து பாத்து, "சரிப்பா, எந்திரி, வந்து வட்டத்துல நில்லு"ன்னார். வட்டத்துல நிக்கிறப்போ எதிர்ல நிக்கிறவங்க கண்ணைப் பாத்துத்தான் அடி மாத்தணும், இல்லன்னா தாளம் சிதறிடும், அன்னைக்கு எனக்கு எதிர்ல நின்னது அவர்தான். ஒரு மணி நேரம் அடிச்சோம். இதனால ஊர்ல சாதி பாத்துப் பிரிச்சு வச்ச ரெட்டைச் சுடுகாடு ஒண்ணாகிடாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா அது ஒண்ணாகுற ஊரு எப்படி இருக்கும்னு என் உடம்புக்கே தெரிஞ்ச ஒரு மணி நேரம் அதுங்க. போராட்டம் வேணும், சட்டம் வேணும், கூடவே இதுவும் கட்டாயம் வேணும்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

மாற்றம் நடக்கவும் செய்யுது. 2022 ஆகஸ்ட்ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பறையடிச்சு ஊருக்குச் சேதி சொல்ற தண்டோரா வழக்கத்தை நிறுத்தணும், ஒலிபெருக்கி வச்ச வண்டியில அறிவிப்பு குடுங்கன்னு கலெக்டர்களுக்கு எழுதினார். 2025ல பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அந்தச் சேதி வந்த அன்னைக்கு அப்பா டிவியை விட்டு நகரல. அடுத்த வாரம் பேத்திகிட்ட "எந்த அடி சொல்லிக் குடுத்தாங்க, அடிச்சுக் காட்டு"ன்னு கேட்டார். பரண்ல இருக்கிறதை இறக்கலாமான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டார், அது அவர் முடிவு, அதுல நாங்க தலையிடல.

கல்யாணத்துக்கோ காலேஜ் விழாவுக்கோ பறைக் குழுவைக் கூப்பிடுறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். வாசல்ல ஆடவிட்டு கூட்டம் சேத்துட்டு அப்படியே அனுப்பாதீங்க. மேடையில ஏத்துங்க, ஒவ்வொருத்தர் பேரையும் மைக்ல சொல்லுங்க, மத்த விருந்தாளிங்களோட அதே பந்தியில உக்கார வைங்க, பேசின காசை அன்னைக்கே குடுத்துருங்க.