கர்ப்பிணிகள் வரிசையில் நான்

2009-ல் எனக்கு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது கொடுத்தவை ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின். முதல் 14 நாள் நெவிரபின் ஒரு வேளைதான், உடம்பில் தடிப்பு வரவில்லை என்றால் அப்புறம் இரண்டு வேளை. தடிப்பு கண்ணுக்குத் தெரியும், சரி. ஜிடோவுடின் ரத்தத்தைக் குறைப்பதும் நெவிரபின் ஈரலைக் கெடுப்பதும் எங்கே தெரியும்? டெஸ்ட் எடுக்க மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போகணும், 11 மணிக்கு மேல் போனால் ரத்தம் எடுக்க மாட்டார்கள், ரிப்போர்ட் மறுநாள்தான். ஆக இரண்டு நாள் தறிக்கூலி போச்சு, முதலாளியிடம் சொல்ல ஒரு புதுப் பொய்யும் வேண்டும்.

ஏ.ஆர்.டி. சென்டரில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்காதான், "உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே எச்பி பாத்து, பச்சை புக்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். எச்பி என்றால் ஹீமோகுளோபின், அது குறைந்தால்தான் சோகை.

போனது செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் நாள். அத்தனை பெண்களுக்கு நடுவே மீசையோடு நான் ஒருத்தன். "யாருக்குத் தம்பி பாக்கணும்?" என்று ஒரு அம்மா கேட்க, "எனக்குத்தாங்க, சோகை" என்றேன். அதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

லேப் தம்பி விரலில் குத்தி ஒரு துளியை உறிஞ்சி, சின்னக் கண்ணாடிக் குழாயில் இருந்த அமிலத்தில் விட்டார். அது பழுப்பாக மாறியதும், பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினார். கரண்ட்கூட வேண்டாத பழைய சாலி முறை, துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்: 7. தொடங்கும்போது 11 இருந்தது. முந்தின வாரம் படியேறி மூச்சு வாங்கியதை நான் வெயில் என்று நினைத்திருந்தேன்! மறுநாளே சென்டரில் ஜிடோவுடினை நிறுத்தி ஸ்டாவுடின் கொடுத்தார்கள் (அது பின்னால் பாதத்தில் எரிச்சல் கொடுத்தது தனிக்கதை).

ஈரலுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. ஈரல் கெட்டிருக்கிறதா என்று காட்டும் எஸ்.ஜி.பி.டி. டெஸ்ட் பார்க்கக் கெமிக்கல் தீர்ந்துவிட்டது என்றார்கள், ரிப்போர்ட் வர ஒன்பது நாள். நார்மல்தான். ஆனால் அந்த ஒன்பது நாளும் காலையில் கண்ணாடியில் கண் மஞ்சளா என்று பார்த்துவிட்டுத்தான் மாத்திரை போட்டேன். பின்னாளில் வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் விரல் நுனி ரத்தத்தைத் தபால்தலை அளவுக் காகிதத்தில் வைத்து, நிறத்தைக் கொண்டே ஈரலைப் பார்த்தார்கள் என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர், ராத்திரி ஒரே மாத்திரை. டெனோஃபோவிருக்காகச் சிறுநீரகம் பார்க்கும் கிரியாட்டினினுக்கு இன்னமும் குழாயில்தான் ரத்தம் எடுக்கிறார்கள், ரிப்போர்ட் அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது.