வேகாத ராஜ்மாவும் ஒரு வார ஸ்டூவும்

10.3.2025, திங்கள்

வேலை முடிந்து களைப்போடு வந்தவனுக்கு ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிட வேண்டும் என்ற பேராசை வந்ததில் வியப்பில்லை. காலையில் ஊறப்போட்ட ஒரு கப் ராஜ்மாவோடு நான்கு தக்காளி, இரண்டு கேரட், ஓர் உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம் எல்லாவற்றையும் நறுக்கிக் கொட்டி, ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். ஒன்பதரை மணிக்குத் திறந்து பார்த்தபோது வெங்காயம் கரைந்து போயிருந்தது. ராஜ்மா மட்டும் தோல் சுருங்காமல் பளபளவென்று, கடித்தால் உள்ளே மாவாகக் கரகரத்தது. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

11.3.2025, செவ்வாய்

குற்றவாளி தக்காளிதான். பயறின் செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பயறு மெத்தென்று ஆகும். புளிப்பு இருக்கும் நீரில் அது எளிதில் கரைவதில்லை. கால்சியம் மிகுந்த கடின நீரும் இதே தொல்லையைத்தான் தரும். ஆனால் ஊறவைக்கும் தண்ணீரில் சமையல் உப்பைப் போட்டால் பயறு கெட்டியாகிவிடும் என்பது நான் நெடுநாள் நம்பியிருந்த பொய். அந்த உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தோல் வெடிக்காமல் மென்மையாகிறது. இன்றிரவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கலந்து ஊறப்போட்டிருக்கிறேன். இரண்டு நிமிட வேலை. நாளைய சமையலில் பாதி இதுதான்.

12.3.2025, புதன்

ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ராஜ்மாவைத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். இந்தக் கொதியை மட்டும் சுருக்கக் கூடாது. பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு, நான்கைந்து பயறு உள்ளே போனாலே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரக்கூடியது. குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரியைத் தாண்டாத மந்தச் சூட்டில் வைத்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும் என்பதால், மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் ஊறிய பயறை நேரே போடுவதை நான் விட்டுவிட்டேன்.

பிறகு தீயைக் குறைத்து மூடினேன். முக்கால் மணி நேரம் கழித்து நான்கு பயறுகளைக் கரண்டியில் எடுத்து ஊதினேன். தோல் பிரிந்து சுருண்டது. நான்கையும் தின்று பார்த்து, ஒன்றுகூடக் கரகரக்கவில்லை என்றானபின் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் சேர்த்தேன். உருளைக்கிழங்குக்கும் புளிப்பு ஆகாது. அது வெந்தபிறகுதான் தக்காளி போக வேண்டும். அந்த இடைவெளியில் வேறொரு சட்டியில் வெங்காயத்தை ஓரம் சிவக்க வதக்கி, பூண்டையும் தக்காளியையும் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறி, அதை அப்படியே பயறில் கவிழ்த்தேன். கடைசியில் ஒரு கரண்டி பயறைப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்து நசுக்கிக் கலந்ததும், தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த குழம்பு கரண்டியில் ஒட்டத் தொடங்கியது. சோளமாவு கரைத்து ஊற்றுபவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். கீரையை அடுப்பை அணைக்கும் முன் போட்டால் போதும்.

13.3.2025, வியாழன்

மீந்ததை நேற்றே அகலமான டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மாவுச்சத்து இறுகி இன்று களிபோல இருந்தது; அரை தம்ளர் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்ததும் இளகிவிட்டது. நேற்றைவிடச் சுவை ஒரு படி கூட என்றே தோன்றியது.

15.3.2025, சனி

விடுமுறை என்பதால் அரைக்கிலோ ராஜ்மாவை மொத்தமாக வேகவைத்தேன். வெந்தபின் அது ஒரு கிலோவைத் தாண்டியது. அந்த நீரோடே ஐந்து டப்பாக்களில் பிரித்து உறையவைத்திருக்கிறேன். நீர் இல்லாமல் உறைந்தால் பயறு காய்ந்து பிளந்துவிடும். திங்கட்கிழமை காலையில் ஒரு டப்பாவைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தால், மாலையில் எனக்கு மிஞ்சும் வேலை காய் நறுக்குவதும் வெங்காயம் வதக்குவதும்தான்.