இன்றுக்குள் இரண்டு நாள்

பிரெஞ்சு கற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சொல்லை எழுதும்போது மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தேன்: ஓஜூர்துயி. 'இன்று' என்று பொருள். நடுவில் ஒரு காற்புள்ளி வேறு மேலே தொங்கும். மனப்பாடம் செய்வதைவிடப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

ஓ ஜூர் த உயி. 'உயி என்கிற நாளில்'. பழைய பிரெஞ்சில் இந்த உயி மட்டுமே 'இன்று'. அதன் மூலம் லத்தீன் ஹொதியே. அதுவும் ஹொக் தியே, அதாவது 'இந்த நாளில்' என்பதன் சுருக்கம். ஜூர் என்பதும் அதே 'தியேஸ்' (நாள்) வேரிலிருந்து தியுர்னும் வழியாக வந்ததுதான். ஆக, 'இந்த நாள் என்கிற நாளில்'! தேய்ந்து ஓரசையாகிப் போன சொல்லுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ஞாண் என்றாலே கயிறு. நாம் அரைஞாண் கயிறு கட்டுகிறோம். இப்போது பேச்சில் 'ஓ ஜூர் தோஜூர்துயி' என்றும் சொல்கிறார்கள். மூன்றாவது நாளும் சேர்ந்துவிட்டது. இலக்கணப் பிடிவாதக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

ஹொதியே எப்படி உயி ஆனது? அழுத்தம் பெற்ற குறில் ஒகரத்தை அடுத்து யகர ஒலி வந்தால் பிரெஞ்சில் 'உயி' பிறக்கிறது. சோதித்துப் பார்த்தேன். நொக்தெம் (இரவு) நுயி ஆகிறது, ஒக்தோ (எட்டு) உயித், கொரியும் (தோல்) குயிர், ஒலெயும் (எண்ணெய்) உயில். தமிழில் எழுதினால் எண்ணெய் சொத்துப் பத்திரமாகிவிடுகிறது!

இங்கேதான் சறுக்கினேன். உயித், உயில் இரண்டும் எழுத்தில் ஹகரத்தோடு தொடங்குகின்றன. அதுவும் லத்தீன் சொத்து என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். ஒக்தோவில் ஏது ஹகரம்? பழைய கையெழுத்தில் உகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரே வடிவம். எண்ணெயை 'இழிந்த' என்று பொருள்படும் 'வில்' என்று படித்துவிடாமலிருக்க முன்னால் நட்ட வேலி அது. ஹொதியேயின் ஹகரம் மட்டுமே பரம்பரைச் சொத்து. பக்கத்தை அடித்துவிட்டேன்.

கொசுறாகக் கிடைத்தது: 'ஆம்' என்னும் 'உவி'யிலும் அதே ஹொக் ஒளிந்திருக்கிறது. ஹொக் இல்லெ ('இதை அவர்') என்பது பிரான்சின் வடக்கே ஓயில் ஆகி, பிறகு உவி ஆனது. தெற்கே ஹொக் மட்டுமே 'ஓக்' என்று நின்று லாங்தோக் என்ற நிலப்பகுதிக்கே பெயராகிவிட்டது.

அடுத்து 'நாளை'. தமேன் என்பதற்குள் லத்தீன் மானே, அதாவது விடியற்காலை, இருக்கிறது என்பது வரை எழுதியிருக்கிறேன்.