அண்ணன் காரை இங்கிலாந்தில் எடுக்கும் முன்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான் என் சித்தப்பா பையன். "அங்க தெரிஞ்ச அண்ணன் இருக்காரு, லீவுல காரை எடுத்துக்கச் சொல்லிட்டாரு, என்கிட்ட லைசென்ஸும் இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்டான். அவனைப் போல இன்னும் சிலர் கேட்பார்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

டெல்டாவில் கார் இரவல் வாங்குவது ஏணி இரவல் வாங்குவது மாதிரி. கும்பகோணத்தில் முகூர்த்தம், திருச்சி ஏர்போர்ட், குலதெய்வம் கோயில் என்று எதற்காவது எதிர்வீட்டு மாமாவிடம் சாவி வாங்குவோம், டீசல் போட்டுத் திருப்பி விடுவோம். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் மாமாவுக்குக் கோபம்தான் வரும். சட்டமும் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் இங்கே பாலிசி வண்டிக்கு. சொந்தக்காரர் சம்மதமும் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் பொதுவாக யாரும் ஓட்டலாம். (ஒன்று மட்டும்: 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு சொந்தக்காரர் ஓட்டும்போதுதான், இரவல் வாங்கியவருக்குக் கிடையாது. ஊரில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.)

அங்கே அப்படியில்லை. பாலிசி உன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும், உன் பெயர் அதில் இல்லாமல், உனக்கென்று வேறு பாலிசியும் இல்லாமல் நீ ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. மாட்டினால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. காரையும் பறிமுதல் செய்யலாம், கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. நமக்கும் அவர்களுக்கும் வாகனச் சட்டம் வந்தது ஒரே 1988இல்தான், இரண்டிலுமே இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டவிட்ட சொந்தக்காரரும் குற்றவாளி. அங்கே பாசத்தில் சாவி கொடுத்த அண்ணனுக்கும் புள்ளி விழும்.

வழி இரண்டு. அண்ணன் பாலிசியிலேயே கூடுதல் ஓட்டுநராகச் சேரலாம். பிரீமியம் ஏறும், நீ எங்காவது இடித்தால் அவர் பல வருடம் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் அடிபடும். அதனால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் தப்பா நினைக்காதே. சில நாளுக்குத்தான் தேவை என்றால் உன் பெயரில் தற்காலிக பாலிசி எடுப்பது நல்லது, ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு மாதம் வரை கிடைக்கிறது, அவர் போனஸையும் பொதுவாகத் தொடாது. இந்திய லைசென்ஸைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது, ஏற்றாலும் இளவயதுக்காரருக்கு விலை கொஞ்சம் உறைக்கும். அதற்காக தினமும் நீ ஓட்டும் காரை, அண்ணன்தான் ஓட்டுகிறார் என்று போட்டு விலையைக் குறைக்கப் பார்க்காதே. அது அங்கே மோசடி.

நம் லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். இந்திய லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றிக்கொள்ளவும் முடியாது. புரொவிஷனல் (நம் ஊர் எல்.எல்.ஆர் மாதிரி) வாங்கி, தியரி, செய்முறை இரண்டும் தேற வேண்டும்.

வார இறுதியில் ஊர் சுற்றத்தான் கார் என்றால் ரயில்கார்டு போதும்டா. 16லிருந்து 25 வயதுக்காரருக்கும், வயது தாண்டிய முழுநேர மாணவருக்கும் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு.