குடஜாத்ரிக்குக் காட்டுவழி

பெங்களூரு அல்சூரிலிருந்தும் ஜெயநகரிலிருந்தும் இரவுப் பேருந்தேறிக் கொல்லூர் செல்லும் தமிழன்பர்களில் பெரும்பாலோர், மூகாம்பிகையைத் தரிசித்து, இரவில் வழங்கப்படும் கஷாயத் தீர்த்தத்தை அருந்தியபின் மறுநாளே ஊர் திரும்பிவிடுகின்றனர். அம்மையின் மூலஸ்தானமாகப் போற்றப்படும் குடஜாத்ரி மலை, 1,343 மீட்டர் உயரத்தில் அருகிலேயே நிற்க, பாதை கரடுமுரடு என்ற ஒரே காரணத்தால் பலரும் அதை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த ஆற்றாமையைத் தருகிறது.

ஜீப்பில் செல்வோர் நிட்டூர் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் சாலை என்று ஒன்று கிடையாது. செம்மண்ணில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடங்கள் பள்ளம் பறித்திருக்க, எந்தப் பாறையில் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்பதை ஓட்டுநர் கண்ணாலேயே அளந்து, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார். சொந்தக் காரில் வருவோர் இவ்வழியை முயலவே கூடாது.

உடல் இடங்கொடுப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நடைபாதையைத்தான். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, கொல்லூரிலிருந்து ஷிவமொக்கா செல்லும் சாலையில் காரக்கட்டே என்னுமிடத்தில் இறங்கினால், அங்கிருந்து காடு தொடங்குகிறது. கைப்பேசி வரைபடத்தை நம்புவதற்கில்லை. பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். மாடுகள் போன தடம் குளம்புக் குழிகளோடு பாக்குத் தோட்டத்தில் போய் முடிந்துவிடும், யாத்திரிகர் வழியிலோ குறுக்கே ஓடும் வேர்கள் பாதம் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருக்கும். ஐயம் தீராவிட்டால், இடைவழியில் வள்ளூர்த் தேநீர்க் கடையில் கேட்டுத் தெளிந்த பின்னரே மேலே ஏற வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகளும் வழுக்கலும் மிகுதி என்பதால், மழை ஓய்ந்த கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களே உகந்தவை.

இம்மலையில் தவமிருந்த ஆதிசங்கரரைப் பின்தொடர்ந்து வர இசைந்த அன்னை, திரும்பிப் பார்க்கலாகாது என்று நிபந்தனை விதித்ததாகவும், கொல்லூரில் சிலம்பொலி நின்றதும் அவர் திரும்பிப் பார்க்க, அங்கேயே அவள் எழுந்தருளியதாகவும் தலபுராணம் கூறுகிறது. கொல்லூரில் நின்று கேட்கையில் அது வெறும் கதையாகத் தோன்றலாம். நாமஜபத்தோடு இக்காட்டில் நடக்கும்போது, அன்னை நடந்து வந்தது இத்தனை தொலைவா என்ற எண்ணம் நெஞ்சை உருக்கிவிடுகிறது.

மேலே மூலஸ்தானக் கோயிலின் முன், மூகாசுரனை வதைத்த சூலமென்று நம்பப்படும் நெடிய இரும்புத் தூணை வணங்கிவிட்டு, புல்வெளி முகட்டின் வழியே ஏறினால், ஆதிசங்கரர் தவமிருந்த இடமாகப் போற்றப்படும் சர்வக்ஞ பீடம் வந்துவிடும். கருங்கல்லால் ஆன அச்சிறு மண்டபத்தில் நாலைந்து பேர் நின்றாலே நெருக்கம்தான். அதற்கும் அப்பால் சித்ரமூலைக் குகைக்கு இறங்கும் சரிவு மிகச் செங்குத்தானது. முழங்கால் வலியுள்ளவர்கள் பீடத்தோடு தரிசனத்தை நிறைவு செய்துகொண்டு, இருட்டுமுன் கீழே இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது.