மூன்றாவது வளைவில் எழுந்த நாற்றம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி, முதன்முறையாக மலையேறிய அன்று, மூன்றாவது வளைவிலேயே என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியிலேயே சமைத்து, குளித்து, உறங்கியிருந்தோம். தொட்டிகளைக் காலி செய்யாமல் கிளம்பியதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கழிவறைத் தொட்டியில்தான் கோளாறு என்று நானே முடிவுகட்டி, கையோடு கொண்டுபோயிருந்த ஆசிட்டில் அரைப் பாட்டிலைப் பீங்கானில் ஊற்றினேன். மலக்கழிவு காற்றுப் படாமல் மட்கும்போது அதில் சேரும் சல்பைடு, அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக, அதாவது அழுகிய முட்டை நாற்றமாக, கிளம்பிவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அது நச்சு வாயு. அளவு மிகும்போது மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும் என்பதால் இன்னும் ஆபத்தானது. அன்றிரவு கேரவனை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் விடுதியில் அறை எடுத்துத் தங்கினோம்.

மறுநாள் காலையில் பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆசிட்டை விடுங்க சார், கூரை மேல இருக்கிற குழாயைப் பாத்தீங்களா?" ஏறிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் நீரும் குளிக்கும் நீரும் சேரும் தொட்டியின் காற்றுக்குழாயைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருப்பதால், மலையேறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தொட்டிக்குள் அடைபட்ட காற்றோ கீழிருந்த அழுத்தத்திலேயே இருப்பதால் வெளியேற வழி தேடுகிறது. குளியலறை வடிகாலின் வளைகுழாயில் நாற்றத்தைத் தடுக்க நிற்கும் நீர் வழக்கமாக 50 மில்லிமீட்டர் அளவே இருக்கும். 45 மீட்டர் உயரம் ஏறினாலே உண்டாகும் அழுத்த வேறுபாடு அந்த நீரைத் தள்ளிவிடப் போதுமானது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்ந்ததில் மிச்ச நீரும் தளும்பிக் கொட்டிவிட்டது.

ஆக, முதலில் நாறியது கழிவறைத் தொட்டியே அல்ல. சேலத்துக்காரனான எனக்கு அந்த வாடை பிடிபட்டிருக்க வேண்டும். சவ்வரிசி ஆலைக் கழிவுநீர் தேங்கிக் கிடக்கும் இடத்தில் வீசும் அதே புளித்த வாடைதான் அது. அங்கே மரவள்ளி மாவுச்சத்து புளிக்கிறது, என் தொட்டியில் இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் புளித்திருந்தன. இப்போது கஞ்சியைத் தொட்டியில் விடுவதில்லை. சாம்பார்ச் சட்டியைக் கழுவும் முன் எண்ணெய்ப் பசையைத் தாளால் துடைத்துக் குப்பையில் போடுகிறோம்.

கழிவறைத் தொட்டிக்கு வேண்டியது மருந்தைவிடத் தண்ணீர்தான் என்பது இரண்டு ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது. காலி செய்த தொட்டியை வெறுமையாக விடாமல் அடி மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றிவைத்தால், கழிவு அடியில் ஒட்டிக் காய்ந்துபோகாது. தண்ணீரால் கழுவிக்கொள்ளும் நம் வழக்கம் இதில் பெரும் சௌகரியம். டிஷ்யூ தாள் தேங்கி அடைக்கும் தொல்லை இல்லை, தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது என்பது மட்டுமே குறை. நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் ஒரு வாரம் தங்கியபோது, அவர் வீட்டுச் செப்டிக் டேங்குடன் குழாயை இணைத்து வால்வைத் திறந்தே வைத்திருந்தேன். நீர் மட்டும் வடிந்துபோக, திடக்கழிவு பீங்கானுக்கு நேர் கீழே குன்றுபோல் குவிந்து இறுகிவிட்டது. அதைக் கரைக்க வெந்நீர் விட்டு இரண்டு நாள் ஊறவைக்க வேண்டியிருந்தது. வால்வை மூடியே வைத்திருந்து, தொட்டி முக்கால்வாசி நிரம்பியபின் ஒரே வீச்சில் திறந்துவிட்டால்தான் நீரின் வேகம் எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும். நீர் ஊற்றும்போது காற்றுவெளியேற்றி விசிறி ஓடினால் அது தொட்டியின் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால், அதை நிறுத்திவிட்டே பீங்கானைத் திறக்க வேண்டும். வெப்பமும் நாற்றத்தை வளர்க்கும். ஏற்காட்டுக் குளிரில் மூன்று நாள் வாடையின்றி இருந்த தொட்டி, சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் தன்னைக் காட்டிவிடுகிறது.

பினாயிலை நிறுத்திவிட்டேன். அது மட்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு நாற்றத்தின்மேல் இன்னொரு நாற்றத்தைப் போர்த்துகிறது; போய்ச் சேரும் செப்டிக் டேங்கையும் கெடுக்கிறது. கழிவை வீட்டுச் செப்டிக் டேங்கில்தான் விடுகிறேன். மலைச்சரிவில் எங்கேனும் திறந்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கீழே ஊற்று நீரை நம்பி வாழும் ஊர்கள் இருக்கின்றன என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அடிவாரத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது கூரையேறிக் குளவி பார்ப்பது என் வேலை; மேலே போய்ச் சேர்ந்ததும் குளியலறை வடிகாலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது மனைவியின் வேலை.