லாக் ஃபைலில் டிரேஸ்பேக் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வந்தது ஏன்

திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் மெஷின்களின் சூடு, தண்ணீர் அளவு எல்லாம் பதிவு செய்கிற பைத்தான் புரோகிராமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எரர் வந்தால் இரண்டு இடத்துக்குப் போகும். ஷெட்டில் மாட்டியிருக்கும் திரையில் இடம் குறைவு, அதனால் அங்கே மட்டும் தனி ஃபார்மேட்டர் (பதிவை எழுத்தாக அமைக்கும் பகுதி) வைத்து டிரேஸ்பேக் (எரர் கோடில் எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) முழுவதையும் ஒரே வரியாக மடக்கிவிடுவோம். லாக் ஃபைலில் வழக்கம்போல வரி வரியாக வரவேண்டும். ஆனால் ஃபைலிலும் மடங்கியே வந்தது. மெயின்டனன்ஸ் அண்ணன் கூப்பிட்டு, “ஏனுங் தம்பி, எங்க விட்டுப்போச்சுன்னு தேடறதுக்குள்ள கண்ணு பூத்துப்போகுதுங்க” என்றார். நைட் ஷிஃப்டில் மெஷின் நின்றால் அந்த ஃபைலை நம்பித்தான் அவர் வேலையே.

குழப்பியது என்னவென்றால், எல்லாமே அப்படி வரவில்லை. வார்னிங்கோடு வந்த டிரேஸ்பேக் ஒழுங்காக இருந்தது, எரரோடு வந்ததுதான் மடங்கியிருந்தது. திரைக்கான ஹேண்ட்லர் (பதிவை அது போகவேண்டிய இடத்துக்கு அனுப்பும் பகுதி) எரர் லெவலையும் அதற்கு மேலே உள்ளதையும் மட்டும்தான் எடுக்கும், அப்படியென்றால் திரைக்குப் போய்வந்த பதிவுகள்தான் கெடுகின்றன என்று பிடிபட்டது. சரி என்று ஹேண்ட்லர் சேர்க்கும் வரிசையை மாற்றி ஃபைலை முதலில் வைத்தேன், இப்போது ஃபைல் சரியாகி திரையில் டிரேஸ்பேக் நாலாபக்கமும் வழிந்தது!

அப்புறம் லாகிங் லைப்ரரியின் சோர்ஸையே திறந்து படித்தேன். எல்லா ஹேண்ட்லருக்கும் போவது ஒரே ரெக்கார்ட்தான் (ஒரு பதிவின் விவரமெல்லாம் இருக்கும் ஆப்ஜெக்ட்), தனித்தனி நகல் இல்லை. முதல் ஃபார்மேட்டர் டிரேஸ்பேக்கை எழுத்தாக்கியதும் அதை ரெக்கார்டின் ‘எக்ஸ்சி_டெக்ஸ்ட்’ (exc_text) என்ற இடத்தில் போட்டு வைத்துவிடுகிறது; அடுத்து வருகிற ஃபார்மேட்டர் அது காலியாக இருந்தால்தான் புதிதாகச் செய்யும், இல்லாவிட்டால் இருப்பதையே எடுத்து ஒட்டிவிடும். இது பக் இல்லை, வேண்டுமென்றே செய்தது, டாக்குமென்டேஷனிலும் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அத்தனை பக்கத்துக்கு நடுவில் ஒரு பத்தியாகக் கிடப்பதை யார் போய்ப் பார்ப்பார்கள்? இன்னும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கலாம்.

சரிசெய்ய நான்கைந்து வரி போதும். திரைக்கான ஃபார்மேட்டரின் ‘ஃபார்மேட்’ (format) ஃபங்ஷனில், வேலை தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை ‘எக்ஸ்சி_டெக்ஸ்ட்’டை ‘நன்’ (None, அதாவது காலி) ஆக்கிவிட்டேன், இனி வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஒன்று மட்டும் கவனம்: ரெக்கார்டில் ‘எக்ஸ்சி_இன்ஃபோ’ (exc_info, எரரின் அசல் விவரம்) இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சாக்கெட் ஹேண்ட்லர் (நெட்வொர்க்கில் அனுப்பும் ஹேண்ட்லர்) வழியாக வேறு கம்ப்யூட்டரிலிருந்து வரும் ரெக்கார்டில் அது இருக்காது, டிரேஸ்பேக் எழுத்தாக மட்டும்தான் வரும், அதையும் அழித்துவிட்டால் பிறகு தேட ஒன்றுமே மிஞ்சாது.